பெயிலாக்கத் தெரிந்த தேசம்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஓட்டுரிமைக்கு ஒரு பரீட்சை வைத்திருந்தார்கள். மாநில அரசியலமைப்பில் 285 பிரிவுகள். அவற்றில் ஒன்றைக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) எழுத்தர் எடுத்துக் கொடுப்பார். பெயர் சேர்க்க வந்தவர் அதைப் பார்த்து எழுதி, கீழே விளக்கமும் எழுத வேண்டும். விளக்கம் சரியா தப்பா என்று முடிவு செய்பவரும் அதே எழுத்தர்தான். கேள்வி கேட்பவர் அவர். திருத்துபவர் அவர். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. மறுகூட்டலும் கிடையாது.

ஜார்ஜ் கவுண்டியில் ஒரு வெள்ளைக்காரருக்கு 30ஆம் பிரிவு வந்தது. கடனுக்காக யாரையும் சிறையில் அடைக்கக் கூடாது என்பது அந்தப் பிரிவு. ஒரே வரி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். அவர் எழுதிய விளக்கத்தில் கடனும் இல்லை, சிறையும் இல்லை. கறுப்பர்கள் ஓட்டுப் போடுவதற்கு முன் இரண்டு வருஷம் காலேஜில் படித்துவிட்டு வர வேண்டும், ஏனென்றால் அவர்களுக்கு ஒன்றும் புரிவதில்லை என்று எழுதினார். அந்த ஒரு வாக்கியத்துக்குள் எழுத்துப்பிழை குவிந்து கிடந்தது. என்ன கேட்கிறார்கள் என்பதே அவருக்குப் புரியவில்லை.

பாஸ்.

அதே மாநிலத்து ஹாட்டீஸ்பர்க் நகரில் தெரன் லிண்ட் என்று ஓர் எழுத்தர். 1959இல் நாற்காலியில் உட்கார்ந்தார். 1961இல் மத்திய அரசு அவர்மேல் வழக்குப் போடும்வரை ஒரு கறுப்பினத்தவரின் பெயரைக்கூடப் பட்டியலில் ஏற்றவில்லை. முதுகலைப் பட்டம் வாங்கிய பள்ளி ஆசிரியர்கள் அவரிடம் போய் நின்றார்கள்.

பெயில்.

1964இல் மிசிசிப்பியின் கறுப்பின மக்களில், ஓட்டுப்போடும் வயதை எட்டியவர்களில், பட்டியலில் இருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. இப்படி ரிசல்ட் காட்டும் பள்ளியை மூடிவிடுவார்கள். மாநிலத்தை அப்படி மூட வழியில்லை.

இந்தப் பரீட்சை அறைக்குள் 1961இல் ஒரு கணக்கு வாத்தியார் நுழைந்தார். ராபர்ட் பாரிஸ் மோசஸ். 1935இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்தவர். ஹார்வர்டில் தத்துவம் படித்தவர். தாய் இறந்து, தந்தை மருத்துவமனையில் கிடந்தபோது மேற்படிப்பை விட்டுவிட்டு, பிராங்க்ஸில் பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் ஹோரஸ் மான் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். நல்ல சம்பளம், நல்ல மாணவர்கள். ஓர் அறிவாளி தன் வாழ்நாளை அங்கேயே நிம்மதியாகக் கழித்திருக்கலாம். இவர் தெற்கே போனார். நியூயார்க்கில் சாலையும் பாலமும் கட்டிய ராபர்ட் மோசஸ் வேறு ஆள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏழைகளின் தெருக்களை இடித்து நெடுஞ்சாலை போட்ட அவர் பெயரில் பூங்கா உண்டு, மின்நிலையம் உண்டு. நாம் பேசும் மோசஸுக்குத் தன் பெயர் எங்கே நிற்கும் என்ற கவலை இருக்கவில்லை.

1961 ஆகஸ்டில், பெயர் சேர்க்க விரும்பிய விவசாயிகளோடு லிபர்ட்டி என்ற ஊரின் நீதிமன்றக் கட்டடத்துக்கு நடந்துபோனார். ஷெரிஃபின் உறவினன் ஒருவன் கத்திப்பிடியால் அவர் மண்டையை உடைத்தான். ரத்தம் ஒழுகும் தலையோடு மோசஸ் எழுத்தரின் அலுவலகத்துக்கே போனார். அலுவலகத்தை மூடிவிட்டார்கள். தையல் போட்டுக்கொண்டு வந்து வழக்குப் போட்டார். அந்தக் கவுண்டியில் ஒரு கறுப்பினத்தவர் வெள்ளைக்காரன்மேல் அடிதடி வழக்குப் போடுவதே புதுமை என்பதால் பார்க்கக் கூட்டம் கூடியது. ஜூரி முழுக்க வெள்ளையர். தீர்ப்பு வருவதற்கு முன்பே, உயிருக்குப் பாதுகாப்பு என்று சொல்லி, அடிபட்டவரைக் கவுண்டி எல்லைவரை கொண்டுபோய் விட்டார்கள். அடித்தவனுக்குப் பாதுகாப்பு தேவைப்படவில்லை. விடுதலை கிடைத்தது.

செப்டம்பர் 25 அன்று அதே லிபர்ட்டியில், பருத்தி அரவை ஆலை வாசலில், ஹெர்பர்ட் லீ என்ற விவசாயி பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒன்பது பிள்ளைகளின் தகப்பன். மோசஸோடு சேர்ந்து ஓட்டுப் பதிவுக்கு அலைந்தவர். சுட்டவர் ரௌடி இல்லை, மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். சட்டம் இயற்றுகிறவர். தற்காப்பு என்று விசாரணை ஜூரி சொல்லிவிட்டது. உண்மையைப் பார்த்த சாட்சி லூயிஸ் ஆலன் முதலில் பயந்து ஆமாம் போட்டார். பிறகு மனம் பொறுக்காமல் எஃப்பிஐயிடம் நடந்ததைச் சொன்னார். 1964 ஜனவரி 31 இரவு, ஊரை விட்டே போய்விடத் தயாராக இருந்த நிலையில், அவரும் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. அமெரிக்கப் புலனாய்வுத் துறையின் திறமையைப் பற்றி நாம் எத்தனையோ சினிமா பார்த்திருக்கிறோம்.

மக்கோம் நகரில் கறுப்பின மாணவர்கள் நூறு பேருக்கு மேல் பள்ளியை விட்டு வெளியேறி ஊர்வலம் போனார்கள். இனிப் போராட மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால்தான் உள்ளே விடுவோம் என்றது பள்ளி. பிள்ளைகள் கையெழுத்துப் போடவில்லை. மோசஸும் நண்பர்களும் அவர்களைக் கூட்டி உட்காரவைத்து ஒரு சின்னப் பள்ளி நடத்தினார்கள். மோசஸுக்குக் கணக்கு. கொஞ்ச நாளில் ஊர்வல வழக்கில் ஆசிரியர்கள் எல்லோரும் சிறைக்குப் போனார்கள். குற்றச்சாட்டு என்ன தெரியுமா? சிறார்களைக் கெட்ட வழிக்குத் தூண்டியது. அந்த மாநிலத்தில் ஒரு பிள்ளை கெட்டுப்போக எத்தனையோ வழிகள் இருந்தன. எதற்கும் யாரும் சிறைக்குப் போகவில்லை.

இவர்கள் ஓட்டுப் பதிவு செய்யும் ஊர்களில் உள்ளூர் அரசு என்ன செய்தது? லெஃப்ளோர் கவுண்டியில் 1962-63 குளிர்காலத்தில் ஏழைகளுக்கான மத்திய அரசின் இலவச உணவுப் பொருளை நிறுத்தியது. ஏறத்தாழ 22,000 பேர் அதை நம்பி இருந்தார்கள். பெரும்பாலும் கறுப்பின மக்கள். டிக் கிரெகரி என்ற நகைச்சுவைக் கலைஞர் விமானத்தை வாடகைக்கு எடுத்து டன் கணக்கில் உணவு கொண்டு வந்து இறக்கினார். மேடையில் ஜோக் சொல்லிப் பிழைப்பவர் உணவு வழங்கல் துறையை நடத்தினார். உணவு வழங்க வேண்டியவர்கள் ஜோக் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து கிரீன்வில் ஃபெடரல் நீதிமன்றம், 1963. நீதிபதி மோசஸைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களை எதற்காக ஓட்டுரிமை கேட்கக் கூட்டிக்கொண்டு வருகிறீர்கள்? நியாயமான கேள்வி மாதிரிதான் இருக்கிறது. எல்லா அநியாயமும் கோர்ட்டில் இப்படித்தான் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு வரும். மோசஸ் சொன்ன பதிலின் சாரம் இது: ஒரு மக்கள் கூட்டத்துக்கே படிப்பைக் கொடுக்காமல் வைத்துவிட்டு, பிறகு படிப்பில்லை என்று சொல்லி ஓட்டையும் கொடுக்காமல் இருக்க இந்த நாட்டுக்கு உரிமை கிடையாது.

படிப்பை எப்படிக் கொடுக்காமல் வைத்தார்கள் என்பதற்குப் பக்கா கணக்கு இருக்கிறது. ஹாலி பிளஃப் என்ற ஊர். 1960களின் தொடக்கம். மாநிலம் தரும் அடிப்படைத் தொகைக்கு மேல், உள்ளூர் நிர்வாகம் தன் கஜானாவிலிருந்து வெள்ளைப் பிள்ளை ஒன்றுக்குச் செலவிட்டது 191 டாலர் 17 சென்ட். கறுப்பினப் பிள்ளை ஒன்றுக்கு 1 டாலர் 26 சென்ட். அந்த 26 சென்ட்டைக் கவனியுங்கள். ஒரு டாலரோடு நிறுத்த அவர்களுக்கு மனம் வரவில்லை. டெல்டா பகுதியில் பருத்தி எடுக்கும் பருவம் வந்தால் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளை மூடிவிடுவார்கள். பள்ளி நாள்காட்டியைத் தயாரித்தது பருத்திச் செடி.

வெள்ளை, கறுப்புப் பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளியில் வைப்பது சட்டவிரோதம் என்று 1954இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மிசிசிப்பி யோசித்தது. சேர்ந்து படிக்க வைப்பதைவிட யாருமே படிக்காமல் இருப்பது மேல் என்ற முடிவுக்கு வந்தது. பிள்ளைகள் பள்ளிக்கு வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயக் கல்விச் சட்டத்தையே 1956இல் ரத்து செய்தது. அதே 1956இல் மாநில இறையாண்மைக் கமிஷன் என்று ஒன்றை ஆரம்பித்தது. பெயர்தான் கம்பீரம். வேலை, சொந்தக் குடிமக்களை வேவு பார்ப்பது. கூட்டத்துக்கு வெளியே நிற்கும் கார்களின் நம்பர் பிளேட்டைக் குறித்துக்கொண்டு வர வரிப்பணத்தில் ஆள் போட்டார்கள். பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று பார்க்க ஆள் இல்லை. அப்பன் கூட்டத்துக்குப் போகிறானா என்று பார்க்க ஆள் இருந்தது. அந்தக் கமிஷனின் கோப்புகள் 1998இல்தான் வெளியே வந்தன. லட்சத்துக்கு மேற்பட்ட பக்கங்கள். மிசிசிப்பி எழுதப் படிக்கத் தெரியாத மாநிலம் என்று யார் சொன்னது?

1964 கோடையில் ஆயிரம் பேர் போல வடக்கிலிருந்து தொண்டர்கள் வந்தார்கள். சுதந்திரப் பள்ளிகள் திறந்தார்கள். ஓட்டுரிமைக்கு உழைத்த மூன்று இளைஞர்களை வெள்ளை இனவெறியர்கள் ஜூன் 21 இரவு கொன்று மண் அணைக்கட்டுக்குள் புதைத்தார்கள். உடல்கள் கிடைக்க 44 நாள். கொன்றவர்களில் முக்கியமான ஒருவனுக்குத் தண்டனை கிடைக்க 41 வருஷம். ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சி மாநாடு. எங்கள் மாநிலத்திலிருந்து வந்திருக்கும் வெள்ளைக் குழு போலி, நாங்களே உண்மையான பிரதிநிதிகள் என்று மோசஸ் ஒரு குழுவைத் திரட்டிக்கொண்டு போனார். ஃபேனி லூ ஹேமர் என்ற பருத்தித் தொழிலாளி தான் சிறையில் அடிபட்ட கதையைத் தொலைக்காட்சி கேமரா முன் சொல்லிக்கொண்டிருந்தார். ஜனாதிபதி ஜான்சனுக்குப் பொறுக்கவில்லை. திடீரென்று ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு வைத்து கேமராவைத் தன் பக்கம் திருப்பினார். உலகத்திலேயே சக்திவாய்ந்த மனிதர், ஒரு கூலிப்பெண்ணின் வாக்குமூலத்துக்குப் போட்டியாக நிகழ்ச்சி நடத்தினார். அந்த வாக்குமூலத்தை மாலைச் செய்தியில் எல்லோரும் பார்த்தார்கள் என்பது வேறு விஷயம். கடைசியில் அறுபதுக்கும் மேற்பட்ட பிரதிநிதிகளுக்கு இரண்டே இரண்டு நாற்காலி தருகிறோம் என்றார்கள். தாராளவாதிகள்தான். முற்போக்காளர்கள்தான். எதிரி மண்டையை உடைத்தபோது வழக்குப் போட்ட மோசஸ், நண்பர்கள் நாற்காலி நீட்டியபோது வெறுத்துப்போனார்.

1966இல் அரசுக்குத் திடீரென்று அவர் நினைவு வந்தது. ராணுவத்துக்கு வா என்று ஓலை. அவருக்கு வயது 31, வழக்கமான வரம்பைத் தாண்டி ஐந்து வருஷம் ஆகிவிட்டது. அவர் மக்களின் பெயரை ஒரு பட்டியலில் ஏற்ற வருஷக்கணக்கில் அலைந்தார். அவர் பெயரை வேறொரு பட்டியலில் ஏற்ற அரசுக்கு ஒரு தபால்தலை போதுமாக இருந்தது. மோசஸ் கனடாவுக்குப் போனார். பிறகு தான்சானியா. அங்கே பள்ளியில் என்ன செய்தார்? கணக்குச் சொல்லிக் கொடுத்தார்.

இதுவரை சொன்னதை எல்லாம் அஞ்சலிக் கட்டுரைகளில் படிக்கலாம். தழும்பு, சிறை, துப்பாக்கிக் குண்டு. நினைவுநாள் கூட்டத்துக்கு இவை வசதி. மண்டையை உடைத்தவர்கள் செத்துப்போய்விட்டார்கள், யாருக்கும் தர்மசங்கடம் இல்லை. இதற்குப் பிறகு அவர் நாற்பது வருஷம் செய்ததுதான் இன்னும் உயிரோடு இருப்பவர்களுக்கு உறுத்தலான விஷயம்.

1982. மோசஸ் குடும்பத்தோடு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பியிருந்தார். ஹார்வர்டும் எம்ஐடியும் இருக்கிற ஊர். மூத்த மகள் எட்டாம் வகுப்பு. அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா கிடையாது. வீட்டில் தனியாகச் சொல்லித் தருகிறேன் என்றால், பள்ளியில் ஒரு கணக்கு வீட்டில் ஒரு கணக்கா என்று மகள் முரண்டு பிடித்தாள். வகுப்பிலேயே வந்து சொல்லித் தாருங்கள் என்று ஆசிரியை அழைத்தார். மெக்ஆர்தர் அறக்கட்டளையின் உதவித்தொகை கிடைத்த நேரம், கையில் அவகாசம் இருந்தது. உள்ளே போனவர் இன்னொன்றைக் கண்டார். கணக்குக்கு மட்டும் பிள்ளைகளைத் திறமை வாரியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். மேல் அடுக்கில் வெள்ளைப் பிள்ளைகள், வசதியான வீட்டுப் பிள்ளைகள். கீழ் அடுக்கில் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளியின் பெயர் மார்ட்டின் லூதர் கிங். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்.

அங்கே பிறந்ததுதான் அல்ஜீப்ரா புராஜெக்ட். மோசஸின் வாதம் எளிமையானது. பருத்திக் காட்டு வாரக் குடியானவனுக்கு அன்று என்ன படிப்பு கொடுத்தார்கள்? பருத்தி எடுக்கப் போதுமான படிப்பு. இயந்திரம் வந்து பருத்தி எடுக்கத் தொடங்கியதும் அவன் தேவைப்படாமல் போனான். இனி வரும் உலகம் கம்ப்யூட்டரின் உலகம். அதில் அல்ஜீப்ரா தெரியாதவன்தான் புதிய வாரக் குடியானவன். அன்று ஓட்டு எப்படியோ இன்று அல்ஜீப்ரா அப்படி. அது குடியுரிமை.

பாடத்தை அவர் நடத்திய விதத்தைப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று கூர்ந்து கவனித்தார். கழித்தல் ஐந்து, கூட்டல் மூன்று என்றவுடன் முழிக்கிறார்கள். ஏன்? அதுவரை அவர்கள் படித்த கணக்கு முழுவதும் 'எத்தனை' என்ற ஒரே கேள்விக்குப் பதில். அல்ஜீப்ரா இன்னொரு கேள்வியும் கேட்கிறது: 'எந்தப் பக்கம்?' இதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. உடனே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாஸ்டனின் சுரங்க ரயிலில் ஏறினார். ரெட் லைன். நடுவில் ஒரு ஸ்டேஷனைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள். அங்கிருந்து எத்தனை ஸ்டேஷன் போனாய்? ஊருக்குள்ளா, ஊருக்கு வெளியேவா? திரும்பி வந்து படம் வரை. பிறகு உன் வீட்டுப் பேச்சில் அந்தப் பயணத்தைச் சொல். பிறகு அதையே கொஞ்சம் கறாராகச் சொல். கடைசியில் குறியீடு போடு. ஒரு ரயில் டிக்கெட் செலவில் நேர் எண்ணும் எதிர் எண்ணும் பிள்ளையின் மண்டையில் உட்கார்ந்தன. நிபுணர் குழு இல்லை. ஆலோசனை நிறுவனம் இல்லை. ஆளுக்கொரு டேப்லெட்டும் இல்லை. டெண்டர் விட இடமே இல்லாத திட்டம் எந்த அரசுக்குப் பிடிக்கும்?

உருப்படியான கட்டாயக் கல்விச் சட்டத்தை மிசிசிப்பி திரும்பக் கொண்டுவந்ததும் அதே 1982இல்தான். இருபத்தாறு வருஷம் கழித்து. 1990களின் நடுவில் மோசஸ் அதே மாநிலத்துக்குத் திரும்பினார். தலைநகர் ஜாக்சனில் லேனியர் உயர்நிலைப் பள்ளியில், மண்டையில் தழும்போடு, அறுபதைத் தாண்டிய வயதில், கரும்பலகை முன் நின்றார். கடைசி வரிசையில் தள்ளப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் பிடித்தார். தினமும் தொண்ணூறு நிமிடம் கணக்கு, நான்கு வருஷம் விடாமல். திட்டம் உச்சத்தில் இருந்தபோது நாடு முழுவதும் ஆண்டுக்கு 40,000 மாணவர்களைத் தொட்டது.

இதைப் பெரிதாக்க அந்த அரசிடம் பணம் இல்லையா? இருந்தது. ஏழைக் குடும்பங்களுக்கு என்று மத்திய அரசு மிசிசிப்பிக்குக் கொடுத்த நிதியில் குறைந்தது 7.7 கோடி டாலர் வழிமாறிப் போனதைத் தணிக்கை கண்டுபிடித்தது. அதில் 50 லட்சம் டாலர் ஒரு பல்கலைக்கழகத்தில் வாலிபால் அரங்கம் கட்டப் போனது. எந்த ஊர்ப் பல்கலைக்கழகம்? அதே ஹாட்டீஸ்பர்க். முதுகலை ஆசிரியர்கள் பெயிலான ஊர். ஏழைத் தாய்மார்களின் பணத்தில் பந்து உருண்டது.

அமெரிக்க அரசியலமைப்பில் துப்பாக்கி வைத்திருக்க உரிமை உண்டு. படிக்க உரிமை இல்லை. 1973இல் டெக்சாஸ் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று இதைத் தெளிவாகவே சொன்னது. அந்த வழக்கில் ஏழைப் பகுதிப் பள்ளிக்கு மாணவருக்கு 356 டாலர், அதே நகரத்தின் பணக்காரப் பகுதிக்கு 594 டாலர். இருந்துவிட்டுப் போகட்டும், படிப்பு அடிப்படை உரிமை இல்லை என்றார்கள். ஐந்து நீதிபதிகளும் நன்றாகப் படித்தவர்கள். தரமான கல்வியை அரசியலமைப்பில் எழுது என்று மோசஸ் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். 2021 ஜூலை 25 அன்று 86 வயதில் இறந்தார். அஞ்சலிகள் குவிந்தன. வீரர், தியாகி, மாமனிதர். அரசியலமைப்பில் ஒரு வரியும் சேரவில்லை.

சரி, மிசிசிப்பி பிற்போக்கு மாநிலம். முற்போக்கு ஊர்களைப் பார்ப்போம். சான் பிரான்சிஸ்கோ. எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவில் கறுப்பினப் பிள்ளைகளும் லத்தீனோ பிள்ளைகளும் குறைவாக இருப்பது அந்த ஊர்ப் பெரியவர்களுக்கு வேதனையாக இருந்தது. உண்மையான வேதனைதான். தீர்வும் கண்டுபிடித்தார்கள். 2014இல் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவையே எடுத்துவிட்டார்கள். இனி யாருக்கும் கிடையாது. சமத்துவம் வந்துவிட்டது. வசதி உள்ளவர்கள் தனியார் பள்ளியிலும் டியூஷனிலும் பணம் கட்டிப் படித்துக்கொண்டார்கள். வசதி இல்லாதவர்களுக்குச் சமத்துவம் மிஞ்சியது. 1956இன் மிசிசிப்பி வெறுப்பில் செய்ததை இவர்கள் அன்பில் செய்தார்கள். இதைப் படிக்கும்போது உங்களுக்கு வேறு ஏதாவது ஊர், வேறு ஏதாவது பரீட்சை நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை.

இன்னொரு ஊரும் இதைச் செய்தது. 2010களின் பிற்பகுதியில் நடுநிலைப் பள்ளிகளில் உயர்மட்டக் கணிதத்தை எடுத்துவிட்டது. அதனால் எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா போயிற்று. காரணம் அதே சமத்துவம். அந்த ஊர் கேம்பிரிட்ஜ். ஆமாம், அதே கேம்பிரிட்ஜ். எந்த ஊரில் ஒரு தகப்பன் எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா இல்லை என்று கண்டு இயக்கம் தொடங்கினாரோ, அதே ஊரில், அவர் உயிரோடு இருக்கும்போதே, எட்டாம் வகுப்பிலிருந்து அல்ஜீப்ராவை எடுத்தார்கள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பெற்றோர் கொதித்து, 2023இல் பத்திரிகைகளில் நாறிய பிறகு, 2025க்குள் திரும்பக் கொண்டுவருகிறோம் என்றது நிர்வாகம்.

சான் பிரான்சிஸ்கோவில் விஷயம் ஓட்டுப்பெட்டிவரை போனது. 2024 மார்ச்சில் வாக்கெடுப்பு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா வேண்டுமா வேண்டாமா? ஐந்தில் நான்கு பேருக்கு மேல் வேண்டும் என்றார்கள். ஆனால் அந்த வாக்கெடுப்பு பள்ளி நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தாது, வெறும் கருத்துக் கேட்புதான் என்று தீர்மானத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். நிர்வாகமோ சில பள்ளிகளில் சோதனை முறையில் சொல்லிக் கொடுத்துப் பார்க்க முடிவு செய்திருந்தது. பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கத்தானாம்.